ஃபார்மட் நம்பர் இருபத்தேழு

கோமதிநாயகத்துக்கு வாய்த்துடுக்கு கிடையாது. இருந்த துடுக்கெல்லாம் விரலில் இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மண்ணூரில் அவனோடு ஒரே அறையில் பாய் விரிக்கிற நாலு பேரைக் கேட்டால், தங்கமான ஆள், 'சரிடே' என்பான், 'பாப்பம்டே' என்பான், அதற்குமேல் பேசமாட்டான் என்பார்கள். அதே ஆள் ஃபேஸ்புக்கில் 'சிவப்பு டப்பா' என்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, 'ரிஜெக்ட் பீஸ்' என்ற பெயரில் மந்திரி, நடிகர், டிவி விவாதத்தில் மேசையைத் தட்டுகிறவர் என்று ஒருத்தரையும் விடாமல் நக்கல் அடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னால் அந்த நாலு பேரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்பாமல் இருப்பதில்தான் கோமதியின் பிழைப்பே இருந்தது.

கார் கதவுக்கு ரப்பர் பீடிங் செய்கிற கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தேறாத பீடிங்கைத் தூக்கிப் போடுகிற டப்பா சிவப்பாக இருக்கும். அதில் விழுந்ததை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆணாகப் பிறந்து ஆண்மேல் ஆசை வைக்கிறவனை இந்த ஊர் எந்த டப்பாவில் போடும் என்று தெரிந்துதான் பக்கத்துக்கு அந்தப் பெயர் வைத்தான். அவன் அப்படிப்பட்டவன் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அவனே. இன்னொருவன் மறைமலை நகரில் வேலை பார்க்கிற சக்திகுமார், அவன் ஆசை வைத்தவன். மூன்றாவதாக ஒருத்தருக்குத் தெரிந்தால் வேலை போகும், அறை போகும், ஊரில் அம்மா தெருக்குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போக முடியாமல் போகும். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குப் பயம் வரும். பயம் வந்தால் எழுதுவான். எழுதினால் சிரிப்பு வரும், பயம் கொஞ்சம் அடங்கும். 'நாங்கள் சந்திப்பது ஏரிக்கரையில். எங்கள் விஷயம் கொசுவுக்கு மட்டும்தான் தெரியும். அது கடிக்கிற கடியைப் பார்த்தால் அதுவும் கலாசாரக் காவலர் என்றே தோன்றுகிறது.' இப்படி ஏதாவது எழுதி வைப்பான். முந்நூறு பேர் சிரிப்பார்கள். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதிமூன்று டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இந்த மாதிரி ஆட்களைக் குற்றவாளி ஆக்குகிற பழைய வெள்ளைக்காரன் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கோமதி ஒன்றும் எழுதவில்லை. கேன்டீன் டிவியில் செய்தி ஓடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். அடுத்த நாள் ஒரு நடிகர், பாட்டு வெளியீட்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து, 'இதெல்லாம் வெளிநாட்டு வியாதிங்க, நம்ம மண்ணுல கிடையாது' என்று அருளினார். அரங்கம் கைதட்டியது. மூன்று பாட்டையும் வெளிநாட்டில் போய்ப் படம்பிடித்துவிட்டு வந்த மனிதர் பேசுகிற பேச்சா இது என்று கோமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்த கோபத்தில் கைவிரலெல்லாம் துடித்தது.

அவன் தொழிலில் 'ஒய்-ஒய் ஷீட்' என்று ஒரு படிவம் உண்டு. ஒரு பீடிங்கில் கீறல் வந்தால் ஏன் வந்தது என்று கேட்டு ஒரு பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலை எடுத்து மறுபடியும் ஏன் என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து தரம் கேட்டால் அடியில் கிடக்கிற மூல காரணம் வெளியே வந்துவிடும் என்பது ஐதீகம். கோமதி ஒரகடம் கூட்டு ரோட்டில் இருந்த நெட் சென்டருக்குப் போய், அந்தப் படிவத்தை மனப்பாடமாகக் கட்டம் கட்டி வரைந்து, நடிகரை அதில் ஏற்றினான்.

குறைபாடு: நடிகர் வாயைத் திறந்தார்.
ஏன் திறந்தார்? மைக் கொடுத்தார்கள்.
ஏன் கொடுத்தார்கள்? படம் ஓடாது என்று தெரியும், பேச்சாவது ஓடட்டும் என்று கொடுத்தார்கள்.
இந்தப் பேச்சு ஏன் ஓடும்? கைதட்ட ஆள் இருக்கிறது.
ஏன் தட்டுகிறார்கள்? தட்டாவிட்டால், இவனுக்கும் அந்த வியாதியோ என்று பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பான்.
பக்கத்து சீட்டுக்காரன் ஏன் தட்டுகிறான்? மேலே பார்க்கவும்.
மூல காரணம்: பயம்.
நடவடிக்கை: மைக்குக்குப் போகிற கரண்டை நிறுத்தவும்.
பொறுப்பு: மின்சார மந்திரி. இதில் நல்ல அனுபவம் உள்ளவர்.

அதைப் படமாக்கிப் பக்கத்தில் போட்டுவிட்டு அறைக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினான், பாவி.

நாலாம் நாள் காலை கம்பெனி பஸ்ஸில்தான் தெரிந்தது. கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் பஸ்ஸில்தான் எல்லாரும் வாட்ஸப் பார்ப்பார்கள். பின் சீட்டில் ஒருவன் சத்தமாகப் படிக்க, பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. தன் வரியைத் தன் காதால் கேட்ட சந்தோஷத்தில் கோமதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"டேய், கீழ பாருடா. இது நம்ம கம்பெனி ஃபார்மட்டுடா" என்றான் படித்தவன். "க்யூஏ, எஃப், இருபத்தேழு, ரெவ் ஜீரோ த்ரீ. நம்பர் போட்டுகீது பாரு."

கோமதி தன் போனை எடுத்துப் பார்த்தான், நம்பர் அங்கேதான் இருந்தது. இப்படியும் ஒருத்தன் செய்வானா என்று கேட்காதீர்கள். குவாலிட்டியில் வேலை பார்க்கிறவன்தான் செய்வான். நம்பர் போடாத படிவம் படிவமே இல்லை, ஆடிட்டில் அதைக் காட்டினால் மானத்தை வாங்கிவிடுவார்கள் என்று ஐந்து வருஷமாக மண்டையில் அடித்து ஏற்றியிருந்தார்கள். நெட் சென்டரில் உட்கார்ந்து நடிகரைக் கிழித்தவன், கிழித்து முடித்ததும் கீழே வலது மூலையில் ஃபார்மட் நம்பரையும் திருத்த எண்ணையும் பயபக்தியோடு அடித்து வைத்திருக்கிறான். பேரை மறைத்து, ஊரை மறைத்து, மூன்று வருஷம் காபந்து பண்ணியதையெல்லாம் அவன் கையே காட்டிக்கொடுத்துவிட்டது.

பஸ்ஸிலேயே அந்தப் பதிவை அழித்தான். அழித்து என்ன பிரயோஜனம்? படம் அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது.

மறுநாள் குவாலிட்டி மேனேஜர் அறிவுமதி அவனைக் கூப்பிட்டார். காஞ்சிபுரத்துக்காரர், கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அன்றைக்கு மூடி ஓயவில்லை.

"கஸ்டமர் கிட்டேந்து போன் வந்துச்சு கோமதி. உங்க ஃபார்மட் வாட்ஸப்ல சுத்துதே, உங்க டாக்குமென்ட் கன்ட்ரோல் லட்சணம் இதானான்னு கேக்குறான். மேல இருக்கறவங்க என்னைப் புடிச்சு உலுக்குறாங்க. யாருன்னு தெரியணும். திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒய்-ஒய் வேணும்."

"யாரு சார் போடணும்?" என்று கேட்டான் கோமதி.

"நீதான். உன்னை மாதிரி ரூட் காஸ் வரைக்கும் போறவன் இங்க யாரு இருக்கான்?"

வேறு சமயமாக இருந்தால் இதை வைத்து ஒரு பதிவு எழுதியிருப்பான். அன்றைக்கு ஒரு வரியும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒய்-ஒய் ஷீட் போட்டு முடித்தவன், ஷிப்ட் ஆரம்பிக்கும்போது வெள்ளைப் பலகை முன்னால் லைன் மொத்தத்தையும் நிற்க வைத்து அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அறுபது பேரும் கேட்க வேண்டும். அதே தப்பு மறுபடி நடக்கக்கூடாது என்பதற்காக. தன்னையே தேடிப் பிடித்து, எழுதி, அறுபது பேர் முன்னால் தானே படிக்க வேண்டும். அப்படி ஒரு வேலை கோமதிக்கு வந்து வாய்த்தது.

ஆனால் ஷீட் போடும்வரை லைன் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தவர்களுக்கு, எழுதியவன் 'அந்த மாதிரி' ஆள் என்று தெரிந்துவிட்டது, அதை வைத்து அவர்களே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கார்முகில் என்று ஒருவன். உள்ளூர்க்காரன், கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவன், இருபத்தாறு வயது. கெட்ட வார்த்தை பேச மாட்டான். பெண் பிள்ளைகளைப் பற்றி மற்றவர்கள் கதை விடும்போது எழுந்து போய்விடுவான். கைக்குட்டையை நாலாக மடித்து வைத்திருப்பான், பேசும்போது கையை ஆட்டுவான். இது போதாதா? இரண்டே நாளில் அவன் லாக்கரில் சாக்பீஸால் 'ரிஜெக்ட் பீஸ்' என்று எழுதியாயிற்று. கேன்டீனில் அவன் தட்டோடு வந்து உட்கார்ந்தால் மேசை காலியாகும். பீடிங்கை வாங்கும்போது கை படாமல் நுனியைப் பிடித்து வாங்கினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் கார்முகில் கோமதியின் எதிரே வந்து உட்கார்ந்தான். கோமதி இரண்டு கவளம் சாப்பிட்டான். சுற்றியிருந்தவர்கள் பார்க்கிற பார்வை முதுகில் உறைத்தது. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். போய் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தானே தவிர சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை, டாக்குமென்ட் ரூமில் வேலை பார்க்கிற பூமாரி வந்து, படிவக் கட்டு ஒன்றை அவன் மேசைமேல் வைத்தாள். எந்தப் படிவம் எந்தத் திருத்தம், யாரிடம் போனது என்று பதிவு வைத்திருப்பவள் அவள்தான்.

"கோமதிண்ணா, லைன்ல இன்னும் பழைய ரெவ் ஜீரோ டூ ஸ்டாக்குதான் ஓடுது. தீந்தாத்தான் புதுசு குடுப்பேன். ஜீரோ த்ரீ போன மாசந்தான் வந்துச்சு. அது யாராண்ட கீதுன்னு தெரியுமா?"

கோமதி கட்டின் மேல் தாளைப் புரட்டினான்.

"அறிவுமதி சாராண்ட ஒண்ணு, என்னாண்ட ஒண்ணு, தங்கமாரி அக்காவாண்ட ஒண்ணு. அக்கா பிரசவத்துக்குப் போய் ரெண்டு மாசம் ஆவுது, அவங்க டேபிள்லயே கெடக்குது, கவர்கூட பிரிக்கல." அவள் படிவக் கட்டைத் தட்டிச் சரிசெய்தாள். "நாலாவது உன்னாண்ட."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது ஆள். கோமதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான், இல்லாவிட்டால் எழுந்து ஓடியிருப்பான்.

"நான் யாராண்டயும் சொல்லமாட்டேன். எனக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றாள் பூமாரி. அவள் குரலும் சரியாக இல்லை. "ஆனா கார்முகிலுக்குச் செவ்வாக்கெழமையோட கேட் பாஸ் கட்டு. கான்ட்ராக்டராண்ட சொல்லிட்டாங்க. அவன் ஜீரோ த்ரீய கண்ணால பாத்துருக்க மாட்டாண்ணா."

அவள் போன பிறகும் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம், யாரும் தன் பக்கம் திரும்பவில்லை என்கிற நிம்மதி. வெட்கமில்லாத நிம்மதி. இன்னும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்தான். அந்த நிம்மதியை நினைத்தபோதே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சக்திகுமாரைப் பார்த்தான். வழக்கமாக ஒட்டி உட்காருகிற சக்தி, அன்றைக்கு இரண்டு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தான். கோவில்பட்டிக்காரன், எதற்கும் அசராதவன் என்று கோமதி நினைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது.

"பேசாம இரில" என்றான் சக்தி. "அவன் கான்ட்ராக்ட் பய. இங்க இல்லன்னா வல்லத்துல ஒரு கம்பெனி, அங்க இல்லன்னா இருங்காட்டுக்கோட்டைல ஒண்ணு. ஒனக்கு அப்பிடியா? ஒன் பேரு வந்தா அடுத்தால எம் பேரு வரும். ஒங்கூட யாரு யாரு சுத்துனான்னு தோண்டுவானுவ. எங்க வீட்டுல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காவ, தெரியும்லா?"

"எனக்கு மட்டும் பயமில்லையால? எனக்கு ராத்திரி பூரா ஒறக்கம் கெடயாது. யாராவது கதவத் தட்டுனா மூத்திரம் வருது."

"பயம் இருக்குல்லா? அப்பம் வாய மூடு. அந்தப் பக்கத்தையும் மூடு. ஒனக்கு நக்கல் அடிக்க வேற எடமா கெடைக்கல?"

தண்ணீர்மேல் வெளிச்சம் போகிறவரை உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகும்போது சக்தி முதலில் போனான். 'நீ பத்து நிமிஷம் கழிச்சு வா' என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோமதி போனில் மணி பார்த்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கார்முகில் பின்னாலேயே வந்தான்.

"அண்ணா, நீதான் ஒய்-ஒய் போடறியாமே. ஒரு வார்த்தை எழுதிக் குடுண்ணா, நான் இல்லன்னு. எனக்கு அந்த பேஜ் இன்னான்னே தெரியாது. என்னுது பட்டன் போனுண்ணா." சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினான். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பழைய போன். "எனக்குப் பொண்ணு பாத்துகினு கீறாங்க. எவனோ அவங்க காதுல போட்டுட்டான். நேத்து எங்கம்மாவே என்னைக் கூப்ட்டு, அப்டியாடான்னு கேக்குது. பெத்தவளாண்ட இன்னா சொல்றது?"

"பாக்கேண்டே" என்றான் கோமதி. கார்முகில் அந்த ஒரு சொல்லுக்கே கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடுதான் கோமதியைக் கொன்றது.

நேரே அறிவுமதி அறைக்குப் போனான். யோசித்தால் கால் திரும்பிவிடும் என்று தெரியும், அதனால் யோசிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலேயே சொன்னான்.

"சார், அது நாந்தான் எழுதுனேன்."

அறிவுமதி நிமிர்ந்து பார்த்தார். முறுக்கின மீசை, முழங்கை வரை மடித்த சட்டை, கபடி ஆடிக் காய்த்துப்போன கை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காலங்காத்தால விளையாடாத கோமதி. அந்தப் பையன் மேல பரிதாபமா? அதுக்காக இப்படியா பழி ஏத்துக்குவ? நீ போய் அந்த மாதிரி ஆளுன்னு சொன்னா யாரு நம்புவா?"

ஒரு வாரமாகக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று செத்துப் பிழைத்தவன், இப்போது நம்பவைக்க மன்றாட வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? அந்த நடிகர் முதல் இந்த மேனேஜர் வரை எல்லாரும் ஏதோ ஒரு உருவத்தை மனசில் வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிறவன் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். கோமதி மேசைமேல் கிடந்த தாளை எடுத்து, கட்டம் போட்டு, நம்பரும் ரெவ் ஜீரோ த்ரீயும் எழுதி அவர் பக்கம் தள்ளினான். அது யார் யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

அறிவுமதி பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"இத வேற யாருகிட்ட சொன்ன?"

"யாருட்டயும் சொல்லல சார்."

"சொல்லாத." குரல் இறங்கியிருந்தது. "நானும் கேக்கல. நீ அஞ்சு வருஷம் வேலை பாத்தவன். அடுத்த மாசம் உன்னை சீனியர் ஆக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். அந்தப் பையன் எப்படியும் கான்ட்ராக்ட். பேர் எழுத வேணாம். 'சம்பந்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்'னு போடு. பாஸ் ரத்துன்னு போடு. நாளைக்கு காலையில படி. க்ளோஸ் பண்ணிடுவோம். கஸ்டமருக்கும் போதும்."

கெட்டவர் இல்லை அறிவுமதி. தனக்குத் தெரிந்த வழியில் அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தார். கோமதி தலையாட்டினான். எழுதிக்கொடுத்தான். அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். பிழைத்துவிட்டாய் என்று தனக்குத்தானே சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பது. வெள்ளைப் பலகை முன்னால் லைன் நாலு வரிசையாக நின்றது. கார்முகில் கடைசி வரிசை ஓரத்தில் நின்றான், அவனுக்குக் கடைசி ஷிப்ட். அவனுக்கு இந்தப் பக்கம் இரண்டு ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. அறிவுமதி ஓரமாக வந்து நின்று தலையசைத்தார். கோமதி தாளைப் பிரித்தான்.

"குறைபாடு, ஃபார்மட் வெளியே போனது. ஏன் போனது? அனுமதி இல்லாத நபர் எடுத்துச் சென்றார். ஏன் எடுத்துச் சென்றார்? சம்பந்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்..."

அறுபது தலையும் ஒன்றாகப் பின்னால் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கார்முகில் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். கோமதிக்கு அடுத்த வரி கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. தாளை மடித்தான்.

"அத எழுதுனது நான்" என்றான்.

முதல் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பேசாத மனுஷன் இன்றைக்குத் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்தார்கள்.

"சிரிக்காதிய. நெசமாத்தான் சொல்லுதேன்." குரல் கீச்சென்று ஒலித்தது. வேறு எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்தது ஷீட் பாஷைதான். "ஏன் எழுதுனேன்? கோவம். ஏன் கோவம்? அந்த நடிகர் வியாதின்னு சொன்னது என்னைய. ஏன் பேரு போடல? ஒங்களுக்குப் பயந்து. இப்பமும் பயமாத்தான் இருக்கு, காலு நிக்க மாட்டேங்குது. பெறவு ஏன் சொல்லுதேன்? கார்முகிலு அந்த ஃபார்மட்டப் பாத்ததே கெடயாது. அவம் மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அறிவுமதி கண்ணை மூடித் திறந்தார். பூமாரி டாக்குமென்ட் ரூம் வாசலில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சரி... உறுதிமொழி எடுங்க" என்றார் அறிவுமதி கடைசியில். ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லாரும் வலது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வேண்டும். என்ன நடந்தாலும் அது நிற்காது.

கோமதி தன் இடத்துக்குப் போனான். இரண்டாவது வரிசையில் மூன்றாவது ஆள் அவன். அங்கே இடம் இல்லை. இரண்டு பக்கமும் நின்றவர்கள் நெருங்கி நின்று அடைத்துவிட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையிலும் யாரும் நகரவில்லை. ஒரே அறையில் அவனோடு பாய் விரிக்கிறவன் ஒருவன் அந்த வரிசையில்தான் இருந்தான், அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி வரிசையில் கார்முகிலுக்குப் பக்கத்தில்தான் காலி. கோமதி அங்கே போய் நின்றான்.

கார்முகில் அவனை ஒருதரம் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்புறம் மெதுவாக, எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பது போல, ஓரடி தள்ளி நின்றான்.

"தப்பா எடுத்துக்காதண்ணா" என்றான் உதடு அசையாமல். "பொண்ணோட மாமன் ரெண்டாவது வரிசைல கீறாரு. பாத்துகினே கீறாரு."

"பரவால்லடே" என்றான் கோமதி.

எல்லாரும் கையை நீட்டினார்கள். அவனும் நீட்டினான். அவனுக்குக் கார்முகில்மேல் கோபம் வரவில்லை. போன வியாழக்கிழமை கேன்டீனில் அவனும் இதே தூரத்துக்குத் தள்ளிப் போனவன்தான்.